திருக்கையும் செங்காந்தளும்



சென்ற வாரம் ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கடற்கரை ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கும் இளந்தாயிடமிருந்து. குழந்தை பிறந்து இருபத்தைந்து நாள்தான் ஆகிறதாம். "மாமியார் தினமும் திருக்கை மீன் சமைத்துப் போடுகிறார்கள். பால் ஊறும் என்கிறார்கள். ஆனால் திருக்கைக்கு விஷ முள் உண்டு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்த விஷம் பாலில் இறங்கிக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மாமியாரிடம் கேட்கவும் தைரியமில்லை" என்று எழுதியிருக்கிறாள்.

இன்னொன்று, திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பத்துச் சகோதரி எழுதியது. வீட்டுக்காரர் இந்த வருஷம் கண்வலிக்கிழங்கு போடப்போகிறாராம். விதைக்கிழங்கை மூட்டையாக வாங்கிக் கூடத்து மூலையில் சாய்த்து வைத்திருக்கிறாராம். "வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான். கிழங்கு விஷம் என்கிறார்கள். வேகவைத்துவிட்டால் விஷம் போய்விடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். நிஜமா?" என்பது அவள் கேள்வி.

தனித்தனியாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத இரண்டு கேள்வியும் ஒன்றுதான் என்று தோன்றியது. ஒருத்தி, விஷம் இல்லாத இடத்தில் இருப்பதாக நினைத்து நடுங்குகிறாள். இன்னொருத்தியின் வீட்டு மூலையில் நிஜமான விஷம் சாக்குமூட்டையில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே இந்த இதழில் மீனையும் கொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம். மீனுக்கும் பூவுக்கும் என்னடி சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வேதாரண்யம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மணல் மேட்டு வேலியில் காந்தள் படர்ந்து பூத்துக் கிடக்கும். கொஞ்ச தூரம் நடந்தால் கடல். கரையில் வலையிலிருந்து திருக்கையை உதறிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் மீன்.

திருக்கை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் எத்தனையோ ஜாதி. நம் கடைகளில் அடிக்கடி கண்ணில் படுவது புள்ளித் திருக்கை. பழுப்பு முதுகு முழுக்க அரிசிப் பொரியைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள், சவுக்கு மாதிரி நீண்ட வால். குட்டியாக இருக்கும்போது வாலில் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் இருக்கும். உடம்பு முறம் போலத் தட்டை. கண் மேலே, வாய் கீழே. கண்ணுக்குப் பின்னால் இரண்டு துவாரம். மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும்போது வாயால் தண்ணீரை இழுத்தால் மணலும் சேர்ந்து வரும் அல்லவா? அதனால் மேலே உள்ள துவாரத்தின் வழியாகத் தண்ணீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்புகிறது. உடம்பைச் சுற்றியுள்ள இறக்கையை அலை அலையாக மடித்து நீந்தும். ஈரப் புடவையை இரண்டு பேர் பிடித்து உதறினால் ஓர் அலை ஓடுமே, அதே மாதிரி.

இதற்கு எலும்பே கிடையாது. சுறாவைப் போல எல்லாம் குருத்தெலும்புதான். அதனால்தான் பல் போன பாட்டிக்கும் முள் எடுக்கத் தெரியாத குழந்தைக்கும் இது தோதான மீன்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இது முட்டையிட்டுவிட்டுப் போகிற மீன் அல்ல, குட்டி போடும். கருவில் இருக்கும் குட்டிக்கு மஞ்சள் கருவில் உள்ள சத்து சீக்கிரம் தீர்ந்துபோகும். அதன் பிறகு தாயின் கருப்பைச் சுவரில் முளைத்திருக்கும் மெல்லிய இழைகள் பால் போன்ற ஒரு திரவத்தைச் சுரக்கின்றன. குட்டி அதைக் குடித்துத்தான் வளர்கிறது. வயிற்றுக்குள்ளேயே பாலூட்டுகிற மீன்! பிள்ளை பெற்றவளுக்கு இந்த மீனைக் கொடு என்று முதன்முதலில் சொன்ன கிழவிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. என்றாலும் நினைக்க வேடிக்கையாக இருக்கிறது.

இப்போது விஷத்துக்கு வருகிறேன். திருக்கையின் விஷம் அதன் உடம்பில் இல்லை, ரத்தத்தில் இல்லை, சதையில் இல்லை. வாலின் மேல்புறத்தில், அடியை ஒட்டி, ஒரு முள் இருக்கும். சில சமயம் இரண்டு இருக்கும். இரு பக்கமும் ரம்பப் பல் போலப் பின்னோக்கி வளைந்த பற்கள். முள்ளின் அடிப்பக்கத்தில் இரண்டு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் விஷத்தைச் சுரக்கும் சதை. அதன்மேல் மெல்லிய உறை. முள் குத்தும்போது உறை கிழிந்து விஷம் புண்ணுக்குள் இறங்கும். அவ்வளவுதான் அதன் விஷக் கிடங்கு. வலையில் திருக்கை விழுந்ததும் மீனவர்கள் செய்கிற முதல் காரியம் அந்த முள்ளை வெட்டி எறிவதுதான்.

ஆகவே, இளந்தாய்க்கு என் பதில்: பயப்படாமல் சாப்பிடம்மா. உன் தட்டுக்கு வருகிற துண்டில் விஷம் கிடையாது. அந்த விஷமே ஒரு வகைப் புரதம். கொதிக்கிற குழம்பில் புரதம் உருக்குலைந்துவிடும், முட்டை வெந்தால் கட்டியாவது போல. பாலில் இறங்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் மாமியார் சொல்வது போல இதனால் பால் ஊறுமா? இங்கே நான் கொஞ்சம் மாமியாருக்கு எதிர்க்கட்சி. சுறாப் புட்டு, திருக்கைக் குழம்பு, பூண்டு எல்லாம் காலம் காலமாகக் கொடுத்து வருகிறோம். நல்ல புரதச்சத்து, பெற்ற உடம்புக்குத் தேவைதான். பூண்டும் மிளகும் நாக்குக்கு ருசி. என்றாலும் பாலைச் சுரக்க வைப்பது குழந்தையின் வாய்தான். எத்தனை தடவை சப்புகிறதோ, மார்பு எவ்வளவுக்குக் காலியாகிறதோ, அந்த அளவுக்கு ஊறும். மீன் தின்றுவிட்டுக் குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் புட்டிப்பால் கொடுத்தால் எந்தத் திருக்கையும் கைகொடுக்காது. இன்னொன்று: கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் பெரிய சுறா மீனைத் தவிர்ப்பது நல்லது. பெரிய மீன் சின்ன மீன்களைத் தின்று தின்று உடம்பில் பாதரசம் சேர்த்து வைத்திருக்கும். திருக்கையையும் 'தினமும்' என்று வைத்துக்கொள்ளாமல், நடுவில் மத்தி, நெத்திலி என்று மாற்றி மாற்றிச் சாப்பிடு. மாமியாரிடம் "அத்தை, இன்னிக்கு நெத்திலி ஆசையா இருக்கு" என்று சொல்லிப் பாரேன். பிள்ளை பெற்றவள் ஆசைக்கு மறுப்பு உண்டா?

வாங்கும்போது கவனிக்க வேண்டியது வாசனை. திருக்கை, சுறா வகைகளின் உடம்பில் யூரியா என்ற பொருள் நிறைய இருக்கும். கடல் உப்பை ஈடுகட்ட அவை இப்படி ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன. மீன் செத்த பிறகு நேரம் ஆக ஆக, கிருமிகள் அந்த யூரியாவை அம்மோனியாவாக மாற்றிவிடும். கழுவாத மூத்திரத் துணி வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நாகப்பட்டினத்தில் நான் வாடிக்கையாக வாங்கும் மீன்காரம்மா, "முகர்ந்து பார்த்துட்டு எடும்மா. திருக்கை பொய் சொல்லாது, நாங்கதான் சொல்லுவோம்" என்பார். அந்த அம்மாள் சொல்லிக் கொடுத்த பக்குவம்தான் இன்றும் எங்கள் வீட்டில். கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, கத்தியால் சுரண்டினால் மேல் தோல் வழவழப்போடு வந்துவிடும். பிறகு மஞ்சளும் கல்லுப்பும் போட்டு இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, புளி கொஞ்சம் தூக்கலாக, மிளகும் பூண்டும் தாராளமாக. புளியின் காரியம் ருசி மட்டுமல்ல. மிச்சம் மீதி அம்மோனியா வாடையையும் அமுக்கிவிடும்.

முழு மீனாக வாங்கினால் வாலடியில் முள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கடைக்காரரையே வெட்டித் தரச் சொல்லுங்கள். செத்த மீனின் முள்ளும் குத்தும், கடுக்கும். சின்னத் திருக்கையைக் குழந்தைகள் வாலைப் பிடித்துச் சுழற்றி விளையாட விடவே கூடாது.

சரி, குத்திவிட்டால்? கடற்கரைக்குக் குழந்தைகளோடு போகிற எல்லோருமே இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திருக்கை யாரையும் துரத்தி வந்து கொட்டாது. மணலில் புதைந்து கிடக்கிறதை நாம் மிதிக்கிறோம்; அது வாலைத் தூக்கிக் கணுக்காலில் போடுகிறது. ஆகவே முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல், மணலைத் தேய்த்துக்கொண்டே நடங்கள். சத்தம் கேட்டால் அது விலகிப் போய்விடும்.

குத்து வாங்கியவர்களைக் கேளுங்கள், பிரசவ வலிக்குச் சமம் என்பார்கள். (ஆண்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியுமோ!) இதற்கான முதலுதவி நம் அடுப்பிலேயே இருக்கிறது: வெந்நீர். விஷம் புரதம் என்று சொன்னேனே, சூடு பட்டால் அதன் வீரியம் குறையும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். புண்ணைக் கழுவி, கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் காலை முக்கி வையுங்கள். நாற்பது டிகிரிக்கு மேல், நாற்பத்தைந்துக்குள். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. ஆறினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுதண்ணீர் சேர்க்க வேண்டும், கால் உள்ளே இருக்கும்போது மேலே ஊற்றாமல். சூட்டைப் பார்க்க வேண்டியது குத்துப்பட்டவர் அல்ல. வலியில் அவருக்குச் சூடு தெரியாது, வெந்து போகும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்கையை விட்டுப் பார்ப்பீர்களே, அதே மாதிரி நீங்கள் விட்டுப் பாருங்கள். குத்துப்பட்டது குழந்தை என்றால் இன்னும் சூடு குறைவாக இருக்கட்டும்.

கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்பு அப்புவது எதுவும் வேண்டாம். வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். ரம்பப் பல் ஒடிந்து உள்ளே தங்கியிருக்கலாம். டெட்டனஸ் ஊசி போட வேண்டியிருக்கலாம். கடல் தண்ணீர்ப் புண் சீழ் வைக்கும். முள் மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ பாய்ந்திருந்தால் வெந்நீர்ப் பேச்சே இல்லை. முள்ளைப் பிடுங்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தொலைக்காட்சியில் முதலைகளோடு விளையாடிய ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வினை நினைவிருக்கிறதா? 2006 செப்டம்பர் 4ஆம் தேதி அவர் இறந்தது ஒரு திருக்கையின் முள் மார்பில் பாய்ந்துதான். அப்படி நடப்பது மிக அபூர்வம். நூற்றில் பெரும்பங்கு காலில்தான் படும், பிழைத்துக்கொள்வார்கள்.

இனிக் கொடி.

செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிப்பூ எல்லாம் ஒன்றுதான். நம் தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய பூப்பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. பெண்களின் விரலுக்குக் காந்தளை உவமை சொல்லாத சங்கப் புலவர் குறைவு. கடலில் இருப்பதன் பெயரோ திரு-கை! இரண்டும் கையில் வந்து நிற்பதைப் பாருங்கள். ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுதான் தேசிய மலர். அந்த நாடு தெற்கு ரொடீஷியாவாக இருந்தபோது, 1947ல் இளவரசி எலிசபெத்தின் இருபத்தோராவது பிறந்த நாளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து இந்தப் பூவின் வடிவிலேயே வைர ப்ரூச் செய்து கொடுத்தார்கள்.

கொடி என்றால் அவரைக் கொடி மாதிரி தண்டால் சுற்றி ஏறாது. ஒவ்வோர் இலையின் நுனியும் சுருண்டு கொக்கியாகி, எட்டிய குச்சியைப் பிடித்துக்கொள்ளும். இலையே கை. பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சள்; பிறகு அடி மஞ்சளும் நுனிச் சிவப்பும்; நாள் ஆக ஆக முழுச் சிவப்பு. ஆறு இதழ்களும் பின்னால் மடங்கி நிமிர்ந்து, ஓரமெல்லாம் அலை அலையாக நெளியும். புள்ளித் திருக்கை நீந்தும்போது அதன் இறக்கை ஓரத்தில் ஓடுகிற அலையை ஒரு கணம் நிறுத்திப் பிடித்து, சிவப்புச் சாயம் தோய்த்தால் இந்த இதழ்தான். கண்ணால் பார்த்தால் அந்த ஓர் ஒற்றுமையை மறக்க முடியாது.

மழை முடிந்ததும் கொடி காய்ந்து மண்ணோடு போகும். கிழங்கு மட்டும் மண்ணுக்கு அடியில் அடுத்த மழை வரை தூங்கும். அந்தக் கிழங்குதான் நம் விஷயம். ஏர்க்கலப்பை மாதிரி இரண்டு கிளையாக வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்ற பெயர். திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கங்களில் இதைப் பயிராகவே போடுகிறார்கள். முள்ளுக் கிளுவை வேலியில் ஏற்றி, பூத்ததும் பெண்கள் காலையில் போய்ப் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்ப்பார்கள். பூவின் சூல்தண்டு முழங்கை மாதிரி மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் தானாக மகரந்தம் சேர்வது குறைவு. பொறுமையான வேலை. விதைக்கு மருந்துக் கம்பெனிகளிடம் நல்ல கிராக்கி.

மருந்துக் கம்பெனிக்கு எதற்கு? கோல்ச்சிசின் என்ற சரக்குக்காக. 1820ல் பெல்லெத்தியே, காவந்து என்ற இரண்டு பிரெஞ்சு ரசாயன நிபுணர்கள் இதன் உறவுக்காரச் செடி ஒன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். யூரிக் அமிலம் சேர்ந்து கால் பெருவிரல் வீங்கித் துடிக்குமே, அந்த கௌட் வாதத்துக்கு இன்றும் இதுதான் மாத்திரை. மாரடைப்பு ஆபத்தைக் குறைக்கவும் சிறிய அளவில் கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023ல் அனுமதித்திருக்கிறது. ஒரு மாத்திரையில் அரை மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி இதில் அவ்வளவு குறுகல். ஒரு கிழங்கில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. செடி முழுவதுமே விஷம். கிழங்கிலும் விதையிலும் அதிகம்.

பக்கத்து வீட்டு அக்காவின் பேச்சுக்கு இப்போது வருகிறேன். திருக்கை விஷம் புரதம், சூட்டில் அழியும் என்றேன். கோல்ச்சிசின் புரதம் இல்லை. வேகவைத்தாலும், சுட்டாலும், காயவைத்தாலும் அது அப்படியே இருக்கும். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் சரி. மரவள்ளியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிற நினைப்பில்தான் அந்த அக்கா சொல்லியிருப்பார். இங்கே அந்தக் கணக்குச் செல்லாது. இலங்கையில் இந்தக் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று எண்ணி வேகவைத்துத் தின்றவர்கள் இறந்து போயிருக்கிறார்கள். அந்நாட்டு டாக்டர்கள் பல பத்தாண்டுகளாகவே இதை எழுதி வருகிறார்கள். கலப்பை உருவம் முழுசாக இருந்தால் அடையாளம் தெரியும். ஒரு கிளை ஒடிந்து தனியாகக் கிடந்தால்? பழுப்புத் தோல், உள்ளே வெள்ளை, விரல் பருமன். சின்ன வள்ளிக்கிழங்கு என்று யாருக்கும் தோன்றும்.

பெயர்களும் நம்மை ஏமாற்றுகின்றன. 'கார்த்திகைக்கிழங்கு' என்றால் தீபத்தன்று அவித்துத் தின்கிற கிழங்கோ என்று வெளியூரிலிருந்து வந்த மருமகள் நினைக்கலாம். 'கண்வலிக்கிழங்கு' என்றால் கண்வலிக்கு மருந்தோ என்று தோன்றலாம். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற பழைய நம்பிக்கையில் வந்த பெயர் அது. பார்த்தால் ஒன்றும் ஆகாது, தாராளமாகப் பாருங்கள். ஆனால் கிழங்கை உரசிக் கண்ணில் விடுகிற வேலை எந்தக் காலத்திலும் வேண்டாம்.

தின்றவருக்கு என்ன ஆகும் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம், சில சமயம் அரை நாள்கூடக் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, நிற்காத பேதி. காலரா மாதிரி இருக்கும். வீட்டில் எல்லோரும் "ஏதோ ஒத்துக்கலை" என்று உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பேதி கொஞ்சம் அடங்கியது போல இருந்தால், ஆபத்து கடந்தது என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் அப்போதுதான் உள்ளே வேலை நடக்கிறது. நம் உடம்பில் செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கின்றன அல்லவா? கோல்ச்சிசின் அந்தப் பிரிவைத் தடுத்துவிடும். குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை என்று வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்கள்தான் முதலில் அடிபடும். இரண்டாம் மூன்றாம் நாள் ரத்த அணுக்கள் குறையும். சிறுநீரகம், இருதயம், மூச்சு என்று ஒவ்வொன்றாகத் தளரும். பிழைத்து எழுந்தவர்களுக்கு இரண்டு வாரம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். மயிர்க்காலிலும் செல் பிரிவு வேகம்தானே? பிறகு முளைத்துவிடும். முடி போனதே என்று அழுகிறவள் உயிர் பிழைத்தவள் என்று அர்த்தம்.

பாம்புக்கடிக்கு இருப்பது போல இதற்கு ஆஸ்பத்திரியில் தயாராக மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் போனால் வயிற்றில் இருக்கும் விஷத்தை உறிஞ்சக் கரிமருந்து கொடுப்பார்கள். உடம்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதைச் செய்வார்கள். நேரம்தான் எல்லாம். ஆகவே குழந்தை கிழங்கையோ விதையையோ கடித்ததாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி வருகிறதா பார்ப்போம் என்று உட்காராதீர்கள். வாயில் இருப்பதை விரலால் எடுத்துவிட்டு, வாயைத் துடையுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, உப்புக் கரைசல் புகட்டுவது வேண்டாம். 108க்குச் சொல்லுங்கள் அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். மீதிக் கிழங்கை ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். "பேதியாகுது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்? கண்வலிக்கிழங்கு என்று முதலில் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இந்தப் பக்கத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? கருவைக் கலைக்கவும், பிரசவத்தைச் சீக்கிரம் வரவழைக்கவும் இந்தக் கிழங்கைப் பயன்படுத்துகிற பழக்கம் பழங்காலம் முதல் உண்டு. இன்றும் சில இடங்களில் காதோடு காதாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கரு போவதற்கு முன்னால் பெண் போய்விடுவாள். இந்த நாட்டில் 1971 முதல் கருக்கலைப்புக்குச் சட்டம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் கையால் பாதுகாப்பாகச் செய்துகொள்ள வழி இருக்கிறது. யாராவது ஒரு பெண் இப்படி ஒரு முடிச்சோடு நிற்பதைப் பார்த்தால், திட்டாமல் கையைப் பிடித்து அங்கே அழைத்துப் போங்கள். சித்த வைத்தியத்தில் இந்தக் கிழங்குக்கு இடம் உண்டு. அது சுத்தி செய்யத் தெரிந்து, அளவு தெரிந்தவர்கள் காரியம். நம் கைவைத்தியப் பெட்டிக்கானது அல்ல.

தாத்தாவுக்கோ மாமனாருக்கோ கௌட் இருந்து கோல்ச்சிசின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அந்த அட்டையும் இதே விஷம்தான் என்று நினைத்து உயரத்தில் வையுங்கள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிற பழக்கம் பெரியவர்களுக்கு உண்டு. பேரன் கை நேராக அங்கேதான் போகும்.

திண்டுக்கல் சகோதரிக்கு: பயிர் போட வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அது உங்கள் பிழைப்பு. ஆனால் மூட்டை கூடத்தை விட்டு இன்றைக்கே வெளியேற வேண்டும். ஆடு மாடு எட்டாத, பூட்டுப் போடக்கூடிய கொட்டகை அல்லது பரண் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். சாக்கின் மேல் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். படிக்கத் தெரியாத வேலையாளுக்கும் புரியும். வள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு மூட்டையோடு ஒரே இடத்தில் ஒருபோதும் வேண்டாம். நடவு அன்று ஒடிந்து விழும் துண்டுகளைக் கூட்டி அள்ளிப் புதைத்துவிடுங்கள். விதை உரிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்கவோ பால் கொடுக்கவோ கூடாது. நடுகிற நாளன்று பையனை அவன் பாட்டி வீட்டில் விட்டுவிட்டால் உங்களுக்கும் நிம்மதி.

பட்டணத்துச் சகோதரிகள் சிலர் இப்போது நர்சரியில் செங்காந்தள் தொட்டி வாங்கி மாடியில் வைக்கிறார்கள். பூ அழகுதான், மறுக்கவில்லை. தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் இரண்டு மூன்று வருஷம் பொறுங்கள். ஏற்கெனவே இருந்தால், மழை முடிந்து கொடி காய்ந்ததும் தொட்டியைக் காலித் தொட்டி என்று எண்ணி அதில் கொத்தமல்லி விதைத்துவிடாதீர்கள். கிழங்கு உள்ளேயே இருக்கும். கொத்தமல்லி பறிக்கிற சாக்கில் மண்ணைக் கிளறுகிற பிள்ளை கையில் அதுதான் முதலில் அகப்படும்.

புள்ளித் திருக்கையைப் பற்றி ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது. ஒரு பேற்றுக்கு ஒரு சில குட்டிகள்தான் போடும். பிடிப்பது அதிகமாகி, இப்போது அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலில் அதன் பெயரும் சேர்ந்திருக்கிறது. தட்டளவுக்குக்கூட வளராத குட்டித் திருக்கைகளைக் கூறுகட்டி விற்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். எங்கள் மீன்காரம்மா அதை விற்பதேயில்லை. "பால் குடிக்கிற வயசும்மா அதுக்கு" என்பார்.